பனியன் கம்பெனியில் நீடித்த வளர்ச்சி: நூலிலிருந்து பெட்டி கட்டும் வரை எங்கே, எப்படித் தொடங்குவது

திருப்பூரில் புதிதாக ஏற்றுமதி யூனிட் தொடங்குபவருக்கும், ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியில் 'சஸ்டெய்னபிலிட்டியை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பொறுப்பு தலையில் விழுந்தவருக்கும் இந்தக் கட்டுரை. பையர் அனுப்பும் கேள்வித்தாள் பெரும்பாலும் சான்றிதழ் பட்டியலில்தான் ஆரம்பிக்கும். அதனால் பலரும் சான்றிதழ் வாங்குவதிலோ, கூரைமேல் சோலார் போடுவதிலோ தொடங்குகிறார்கள். இரண்டிலும் தவறில்லை. ஆனால் கட்டிங்கும் தையலும் மட்டும் வைத்திருக்கும் கம்பெனியில், ஒரு டி-ஷர்ட்டுக்காகச் செலவாகும் தண்ணீர், உப்பு, விறகு, மின்சாரம் ஆகியவற்றில் பெரும்பகுதி காம்பவுண்டுக்கு வெளியே, அடுத்தவர் மில்லிலும் பட்டறையிலும் செலவாகிறது. அங்கே உங்கள் கை நீளுவது நீங்கள் கொடுக்கும் ஆர்டர் வழியாக மட்டுமே: என்ன ரேட், எத்தனை நாள் கெடு, எப்போது பணம். இந்த மூன்றையும் தொடாமல் கொள்கை அறிக்கையை அச்சடித்து வரவேற்பறையில் மாட்டினால் நொய்யல் ஆற்றில் ஒன்றும் மாறாது.

முதலில் ஒரு ஸ்டைலை எடுத்து வழி முழுக்க நடந்து பாருங்கள்

எல்லா ஸ்டைலையும் ஒரே நேரத்தில் ஆராய வேண்டாம். போன சீசனில் அதிகக் கிலோ போன ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெரிய தாளில் அதன் வழியை எழுதுங்கள்: ஜின்னிங் (பருத்தியில் கொட்டை நீக்குவது), ஸ்பின்னிங் மில், நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்துவது), பிரிண்டிங், எம்ப்ராய்டரி, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், லாரி, துறைமுகம். ஒவ்வொரு இடத்துக்கும் ஆறு விவரம் போதும். யார் செய்கிறார், எந்த முகவரியில், எத்தனை கிலோ உள்ளே போய் எத்தனை கிலோ வெளியே வந்தது, என்ன எரிபொருள், எத்தனை ஆட்கள், என்ன லைசென்ஸ்.

இதை ஆபீசில் உட்கார்ந்து எழுதினால் தப்பாகத்தான் வரும். டெலிவரி சலானில் உள்ள முகவரிக்கு நேரில் போக வேண்டும். நிட்டிங் வேலையை எடுத்தவர் மெஷின் காலியில்லாமல் இரண்டு தெரு தள்ளி இன்னொருவருக்குக் கொடுத்திருப்பார். சாயப்பட்டறையில் காம்பாக்டிங் மெஷினே இருக்காது, அது வேறு இடத்தில் நடக்கும். நூல் பிசிறு வெட்டும் வேலை காண்ட்ராக்டர் வழியாக வீடுகளுக்குப் போயிருக்கும். ஆடிட்டில் மாட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது, நான்காவது கைகள்தான். மறைத்ததற்காக ஜாப் வொர்க்காரரைத் திட்டினால் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பார். வெளியே கொடுப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடலாம், சொன்னால் ரேட்டில் பிடித்தம் இல்லை என்று எழுத்தில் கொடுங்கள்.

கிலோ கணக்கு மிக முக்கியம். 1,000 கிலோ நூலில் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். நிட்டிங்கில் 1.5 சதவீதம் போனால் 985 கிலோ துணி. ஸ்கவரிங், பிளீச்சிங், சாயத்தில் 6 சதவீதம் போனால் 926. கட்டிங்கில் 14 சதவீதம் போனால் 796. ஒரு பீஸ் 150 கிராம் என்றால் ஏறத்தாழ 5,300 பீஸ். 3 சதவீதம் ரிஜெக்ட் கழித்தால் 5,150. உங்கள் ஸ்டைலுக்கு இந்தச் சதவீதங்கள் மாறும். ஆனால் சங்கிலியின் கடைசியில் 5,800 பீஸ் வந்து நிற்கிறது என்றால் இரண்டில் ஒன்று: எடையைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது வேறு நூல் உள்ளே கலந்திருக்கிறது. ஆர்கானிக் ஆர்டரில் இந்தக் கணக்கு உதைத்தால் ஆடிட்டர் அங்கேயே பேனாவை மூடிவிடுவார்.

சாயம்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரில் கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நொய்யலில் விட்ட உப்பும் சாயமும் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததுதான் வழக்கின் வேர். அதற்குப் பிறகு இங்கே 'ஒரு சொட்டும் வெளியே விடாத' முறை கண்டிப்பாக அமலுக்கு வந்தது. கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்.ஓ.வில் (மெல்லிய சவ்வு வழியே) வடித்து, மிச்சமிருக்கும் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்க வேண்டும்.

புதியவர்கள் இதைக் கேட்டதும் 'அப்படியானால் சாயப் பிரச்சினை முடிந்தது' என்று நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் 85 முதல் 90 சதவீதத்தைத் திருப்பித் தரும். மிச்சத்தை ஆவியாக்க விறகும் கரண்டும் ஏராளமாக வேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்பு ஷெட்டுகளில் குவிகிறது. ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டுமானால் சாயத் தொட்டிக்குள் போகும் உப்பையே குறைக்க வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள்.

பருத்திக்கு வழக்கமாகப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் உப்பை லிட்டருக்கு இத்தனை கிராம் என்றுதான் போடுகிறார்கள், துணியின் எடைக்கு அல்ல. நடுத்தர ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வின்ச் மெஷினில் துணிக்கும் தண்ணீருக்கும் விகிதம் 1:10. 100 கிலோ துணிக்கு 1,000 லிட்டர், 60 கிலோ உப்பு. அதே துணி 1:6 சாப்ட் ஃப்ளோ மெஷினில் 600 லிட்டரில் முடியும், 36 கிலோ உப்பு. ஒரு டன்னுக்கு 240 கிலோ உப்பு மிச்சம். அவ்வளவு உப்பைக் கழிவுநீரிலிருந்து பிரிக்க ஆவியாக்கும் செலவும் மிச்சம். தண்ணீர் குறைந்ததால் சூடாக்கும் ஸ்டீமும் குறையும். ஒரு சான்றிதழும் இல்லாமல், மெஷின் தேர்வினால் மட்டுமே கிடைக்கும் பலன் இது. உங்கள் டையரிடம் (சாயப்பட்டறைக்காரரிடம்) முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'என்ன சர்டிபிகேட் இருக்கிறது' என்பதல்ல, 'எங்கள் லாட் எந்த மெஷினில், என்ன விகிதத்தில் ஓடுகிறது' என்பது.

இரண்டாவது கேள்வி: நூறு லாட்டில் எத்தனை லாட் முதல் தடவையே ஷேட் சரியாக வருகிறது? திரும்பப் போடும் ஒவ்வொரு லாட்டும் தண்ணீர், சாயம், உப்பு, விறகு எல்லாவற்றையும் ஏறக்குறைய இன்னொரு முறை விழுங்கும். துணியும் வலுவிழக்கும். ஷேட் தவறுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. பிளீச்சிங்குக்குப் பிறகு பெராக்சைடு துணியில் தங்கியிருக்கும், அது சாயத்தைக் கெடுக்கும். பெராக்சைடு கில்லர் என்சைம் போட்டு, டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பார்த்துவிட்டுத்தான் சாயம் ஏற்ற வேண்டும். தண்ணீரின் கடினத்தன்மை லாட்டுக்கு லாட் மாறும். லேப் டிப்பை (ஷேட் ஒப்புதலுக்கான சிறு மாதிரியை) ஒரு நூலில் எடுத்துவிட்டு பல்க்கை வேறு மில் நூலில் ஓட்டுவார்கள். சோடாவை ஒரே மூச்சில் கொட்டினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், படிப்படியாக விட வேண்டும். இவற்றோடு ஐந்தாவது காரணம் ஒன்று உண்டு, அது உங்கள் ஆபீசில் இருக்கிறது: ஷேட் அப்ரூவலை எட்டு நாள் தாமதமாகக் கொடுத்துவிட்டு, துணியை அதே தேதிக்குக் கேட்பது.

மூன்றாவதாக, டையர் சொல்லும் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். வெளுத்துச் சாயமேற்றி அலசும் முழு வேலைக்கும் ஒரு கிலோ பருத்தித் துணிக்கு 50 முதல் 60 லிட்டர் பிடிக்கும் என்று தோராயமாக வையுங்கள். நாளுக்கு 10,000 கிலோ ஓட்டுகிறேன் என்கிறவருக்கு 5 முதல் 6 லட்சம் லிட்டர் கழிவுநீர் வர வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவருக்கு ஒதுக்கிய அளவு 2 லட்சம் லிட்டர்தான் என்றால் மிச்சம் எங்கே போகிறது? புது மெஷின்களில் இதைவிடக் குறைவாகவும் வரும். ஆனால் கிலோவுக்கு 40 லிட்டருக்குக் கீழே ஒருவர் சொன்னால் மெஷின் மாடலையும் லாட் கார்டையும் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

டையரிடமிருந்து வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணை (காலாவதித் தேதி, அனுமதித்த அளவு இரண்டையும் பாருங்கள்), கழிவுநீர் மீட்டரின் மாதப் பதிவு, பயன்படுத்தும் கெமிக்கல்களின் முழுப் பட்டியல், சேற்றை அகற்றியதற்கான படிவம். சுத்திகரிப்பில் வரும் ரசாயனச் சேறு 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்கீழ் வருவது. 90 நாளுக்கு மேல் பட்டறையில் வைத்திருக்கக் கூடாது. லாரியில் ஏற்றும்போது படிவம் 10 இருக்க வேண்டும்.

கெமிக்கல் பட்டியலில் பார்க்க வேண்டியவை இரண்டு. தடைசெய்யப்பட்ட அரோமாட்டிக் அமீனை வெளிவிடும் அசோ சாயங்கள்: ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். அடுத்தது நோனைல்பினால் எத்தாக்சிலேட்: கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரம்பு 2021 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. இது பெரும்பாலும் சாயத்தில் வராது. மலிவான சோப்பு, வெட்டிங் ஏஜென்ட், நிட்டிங் மெஷின் எண்ணெயின் கறைநீக்கி ஆகியவற்றின் வழியாக நுழையும். சாய டின்னை மட்டும் சோதித்துவிட்டு சோப்பு கேனை விட்டுவிடுவது வழக்கமான ஓட்டை. லேபிள் இல்லாத கேன் ஒன்று ஸ்டோரில் நின்றால் மற்ற எல்லாக் காகிதத்தையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஆர்டர் சீட்டு

சஸ்டெய்னபிலிட்டி ஆளும் பர்ச்சேஸ் ஆளும் தனித்தனி அறையில் உட்கார்ந்திருக்கும் கம்பெனியில் இந்த வேலை பெரும்பாலும் தோற்கும். ஒருவர் டையரிடம் குறைந்த உப்பு கேட்பார், இன்னொருவர் அதே டையரிடம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்வார். டையர் யார் பேச்சைக் கேட்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ரேட்டைப் பிரித்து எழுதுங்கள். சாயக்கூலி கிலோவுக்கு இத்தனை என்று ஒரே எண்ணாகப் போடாமல், சுத்திகரிப்புச் செலவைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். அந்த வரி சந்தையில் மற்றவர்களைவிடப் பாதியாக இருந்தால் மகிழ வேண்டாம். கழிவுநீர் எங்கோ இரவில் போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது. பேரம் பேசும்போது அந்த வரியைத் தொடுவதில்லை என்பதை விதியாக வையுங்கள்.

கெடுவைப் பின்னிருந்து எண்ணுங்கள். கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கிப் பேக்கிங், தையல், கட்டிங், சாயம், நிட்டிங், நூல் என்று ஒவ்வொன்றுக்கும் நாள் ஒதுக்கி, லேப் டிப் அப்ரூவலுக்கு ஒரு கடைசித் தேதியைப் போட்டு அதைப் பையருக்கும் அனுப்புங்கள். அவர் அந்தத் தேதியைத் தாண்டினால் கப்பல் தேதியும் அத்தனை நாள் தள்ளும் என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். எல்லாப் பையரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கேட்டால் சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். கேட்காவிட்டால் அந்தத் தாமதம் சாயப்பட்டறையில் ரீபிராசஸாகவும் (லாட்டைத் திரும்பப் போடுவதாகவும்), தையல் லைனில் இரவு ஷிப்டாகவும், கடைசியில் விமானக் கூலியாகவும் வந்து நிற்கும். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஒரு டன் சரக்கு விமானத்தில் போனால் 4 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஆண்டு முழுக்கச் சோலாரில் சேமித்ததை ஒரு தாமதமான ஷிப்மென்ட் கரைத்துவிடும்.

பணம். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. திருப்பூரில் 90, 120 நாள் கடன் புழங்குவது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தக் கடனின் வட்டியை டையரும் தையல் காண்ட்ராக்டரும் எங்கிருந்தாவது ஈடுகட்டியாக வேண்டும். அவர்கள் கைவைக்கக்கூடிய இடங்கள் கெமிக்கலின் தரம், சுத்திகரிப்பு நிலையம் ஓடும் நேரம், ஆட்களின் பி.எஃப். ஆகிய மூன்றுதான். உங்கள் ஜாப் வொர்க்காரர்கள் எல்லோரின் உத்யம் (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) எண்ணையும் வாங்கி, பில் தேதியிலிருந்து நாள் எண்ணும் ஒரு பட்டியலை அக்கவுண்ட்ஸில் போடுங்கள். இந்தக் கட்டுரையில் செலவே இல்லாத ஒரு படி இதுதான், எல்லோரும் தள்ளிப்போடுவதும் இதைத்தான்.

ஆட்கள்

முதலில் கணக்கு. ஒரு டி-ஷர்ட்டுக்கு நிலையான தையல் நேரம் 8 நிமிடம், லைனில் 30 மெஷின், திறன் 50 சதவீதம் என்று வையுங்கள். 30 மெஷின் × 480 நிமிடம் = 14,400 நிமிடம். அதில் பாதி 7,200. எட்டால் வகுத்தால் நாளுக்கு 900 பீஸ். நாளுக்கு 1,500 பீஸ் வேண்டிய ஆர்டரை இந்த லைனுக்கு எடுத்தால் 50 மெஷின் தேவை, உங்களிடம் இருப்பது 30. ஓவர்டைம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. பிறகு சூப்பர்வைசருக்குச் சட்ட வகுப்பு எடுத்துப் பயனில்லை. ஆர்டர் எடுக்கும் மெர்ச்சண்டைசரின் மேஜையில் இந்தக் கணக்கு ஒரு எக்செல் தாளாக இருக்க வேண்டும்.

ஓவர்டைமுக்குச் சாதாரணக் கூலியைப் போல இரண்டு மடங்கு என்பது சட்டம். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கும் அது பொருந்தும். இங்கேதான் இரட்டை நோட்டு வருகிறது, ஆடிட்டருக்கு ஒன்று, சம்பளம் போட ஒன்று. ஆடிட்டர்கள் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேதியிட்ட ஊசி மாற்றும் பதிவு, இரவு பத்து மணிக்கு வெளியே போன சரக்கின் கேட் பாஸ், அந்த நேரத்தில் ஏறிய கரண்ட் மீட்டர் ஆகியவற்றை வருகைப் பதிவோடு ஒப்பிட்டால் போதும். ஓவர்டைம் அதிகம் என்று உண்மையைக் காட்டிக் குறைக்கத் திட்டம் கொடுத்தால் பெரும்பாலான பையர்கள் காலம் தருவார்கள். பொய் நோட்டு மாட்டினால் பெரும்பாலும் ஆர்டர் நிற்கும்.

காண்ட்ராக்டர் வழி வருபவர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டப்படாவிட்டால் முதன்மை முதலாளியாக நீங்களே பொறுப்பு. ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பக்கமிருந்து வரும் ஆட்களிடம் ஊரில் தரகருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர்கள் மொழியில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கடன் வாங்கி வந்தவர் வேலையை விட்டுப் போக முடியாது. அது கொத்தடிமைத்தனத்துக்கு மிக அருகில் வரும் நிலை. பெண்கள் விடுதி நடத்தினால் தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டு விடுதிகள் சட்டப்படி பதிவு வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு கட்டாயம். குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை மாட்டியிருப்பது போதாது. லைனில் இருப்பவர் யாரையாவது கூப்பிட்டு 'யாரிடம் சொல்வீர்கள்' என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் குழு இல்லை என்றுதான் அர்த்தம்.

நூல் வாங்கும் மில்லிலும் இதே கேள்விகள் உண்டு. மூன்று ஆண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை என்று இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தால் மேற்கு மாவட்ட மில்கள் உலகம் முழுக்கப் பேர் கெட்டன. மில்லுக்குப் போனால் மெஷின் ஹாலைவிட விடுதியின் வெளிக் கேட்டைக் கவனியுங்கள்: சாயங்காலம் தானாக வெளியே போய்வர முடிகிறதா, கைபேசி கையில் இருக்கிறதா. புகார் முறையை எப்படி அமைக்கலாம் என்பதற்கு வேலையிடத்தில் பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்க 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் நல்ல மாதிரி. அதில் தொழிற்சங்கமும் உண்டு, லைனில் வேலை செய்பவர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களும் உண்டு, பையரும் ஒப்பந்தத்தால் கட்டுண்டவர். நிர்வாகம் மட்டுமே சாவி வைத்திருக்கும் புகார்ப் பெட்டியில் காகிதம் விழாது.

சொந்தக் கூரைக்குக் கீழே

இங்கே வேலை சுலபம், அதனால் சுருக்கமாக. பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும். சர்வோ மோட்டார் ஊசி ஓடும்போது மட்டும் ஓடும், மோட்டார் கரண்டில் பாதிக்கு மேல் குறையும். கம்ப்ரஸர் காற்றுக் குழாயில் 3 மி.மீ. ஓட்டை 7 பார் அழுத்தத்தில் 3 முதல் 4 கிலோவாட்டைத் தின்னும். ஞாயிறன்று மெஷின்கள் நிற்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓட்டிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், ஒரே காலையில் எல்லா ஓட்டையும் தெரிந்துவிடும். அழுத்தத்தை 1 பார் குறைத்தால் 6 முதல் 7 சதவீதம் மிச்சம். பாய்லர் இருந்தால் கண்டன்சேட்டை (ஸ்டீம் குளிர்ந்து வரும் சூடான தண்ணீரை) திரும்பக் கொண்டுவாருங்கள், உள்ளே போகும் தண்ணீர் 6 டிகிரி சூடாக இருந்தால் எரிபொருள் 1 சதவீதம் குறையும். இவை முடிந்த பிறகு சோலார் போடுங்கள், சின்ன பேனலே போதுமானதாக இருக்கும்.

கட்டிங் வேஸ்ட் மேலே சொன்ன கணக்கில் டன் நூலுக்கு 130 கிலோ. மார்க்கரை (துணிமேல் பாகங்களை அடுக்கும் வரைபடத்தை) திரும்பப் போட்டு அதில் ஒரு சதவீதத்தை மிச்சம் பிடித்தால் அதற்குப் பின்னால் உள்ள நூல், சாயம், உப்பு எல்லாமே மிச்சம், ஆகவே எந்த மறுசுழற்சியைவிடவும் இது மேல். மிச்சமிருப்பதை டேபிளிலேயே பிரிக்க வேண்டும்: வெள்ளை, வெளிர், அடர், லைக்ரா கலந்தது என்று நான்கு சாக்கு. எல்லாம் கலந்த மூட்டை துடைக்கும் துணிக்குத்தான் போகும். பிரித்த நூறு சதவீதப் பருத்தி, கழிவுப் பஞ்சிலும் நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போய் மீண்டும் நூலாகும், விலையும் கூட. லைக்ரா ஐந்து சதவீதம் இருந்தாலே நார் பிரிக்கும் மெஷினில் ரப்பர்போல் இழுத்துத் தொல்லை கொடுக்கும், அதைத் தனியே வையுங்கள்.

பருத்தியும் சான்றிதழும்

ஆர்கானிக் துணிக்கான உலகத் தரமான ஜி.ஓ.டி.எஸ். முத்திரையில் இரண்டு படி: குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் நார் இருந்தால் 'ஆர்கானிக்', குறைந்தது 70 சதவீதம் இருந்தால் 'ஆர்கானிக் நாரால் செய்தது'. கம்பெனிக்குரிய சான்றிதழ் சுவரில் இருப்பது ஒரு தகுதி மட்டுமே. ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பரிவர்த்தனைச் சான்றிதழ் கைமாற வேண்டும், ஜின்னிங்கிலிருந்து உங்கள் வரை ஒரு கண்ணி விட்டுப்போனாலும் முத்திரை போட முடியாது. நூல் வந்து மூன்று மாதம் கழித்து அதைக் கேட்டால் கிடைக்காது. கடைசிப் பத்து சதவீதப் பணத்தை அந்தக் காகிதம் வந்த பிறகு தருவதாக நூல் ஆர்டரிலேயே எழுதுங்கள்.

காகிதம் வந்தாலும் கண் வேண்டும். 2020-இல் இந்தியாவில் போலிச் சான்றுகளின் பேரில் சுமார் 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று புழங்கியதை ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே வெளியிட்டு, 11 நிறுவனங்களைத் தடைசெய்தது. சான்றிதழ் எண்ணை வழங்கிய அமைப்பின் பொதுத் தரவுத்தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், மில் அனுப்பும் பி.டி.எஃப்.-ஐ நம்ப வேண்டாம். ஆர்கானிக் நூலுக்கும் சாதா நூலுக்கும் விலை வித்தியாசம் ஏறக்குறைய இல்லையென்று ஒருவர் சொன்னால் பேரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வரலாம்.

எண்களைப் பதிவு செய்வது

கார்பன் கணக்கை மூன்றாகப் பிரிப்பார்கள். நீங்கள் எரிப்பது முதலாவது, வாங்கும் கரண்ட் இரண்டாவது, சங்கிலியில் மற்றவர்கள் எரிப்பது மூன்றாவது. முதல் இரண்டும் அரைமணி நேர வேலை. மாதம் 12,000 யூனிட் கரண்ட் என்றால், இந்திய மின்தொகுப்புக்கு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ வீதம் 8,400 கிலோ. ஜெனரேட்டருக்கு 300 லிட்டர் டீசல் என்றால், லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 804 கிலோ. மூன்றாவதுதான் மலை. அதற்கு முதல் ஆண்டு சராசரி எண்களை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சாயத்துக்கும் ஸ்பின்னிங்குக்கும் இரண்டாம் ஆண்டுக்குள் உண்மையான மீட்டர் எண்ணை வாங்குங்கள். ஏனென்றால் சராசரியில் கணக்குப் போட்டால் நல்ல டையருக்கு மாறினாலும் எண் குறையாது. விறகு பாய்லரின் கார்பனைத் தனி வரியில் காட்ட வேண்டும். அதைப் பூஜ்யம் என்று போடுபவர்கள் உண்டு, விறகு எங்கிருந்து வெட்டி வருகிறது என்று பையர் கேட்டால் விழிப்பார்கள்.

இந்த எண்களை ஏற்றுமதிப் பையர் மட்டும் கேட்பதில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்திலுள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் நீடித்த தன்மை அறிக்கை வெளியிடுகின்றன. உள்நாட்டு பிராண்டுக்குத் தைப்பவருக்கும் அந்தக் கேள்வித்தாள் வந்து சேரும். பையருக்கு ஒரு வடிவம், வங்கிக்கு ஒரு வடிவம் என்று அலையாமல், மாதம் ஒரு தாள் வையுங்கள்: வெளியே போன கிலோ, கரண்ட், டீசல், தண்ணீர், வேஸ்ட் நான்கு சாக்கின் எடை, ஓவர்டைம் மணி, ரீபிராசஸ் ஆன லாட், 45 நாள் தாண்டிய பில். எல்லாக் கேள்வித்தாளுக்கும் விடை இதிலிருந்தே எடுக்கலாம். எண்களை வெளியே போன கிலோவால் வகுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ஆர்டர் குறைந்த மாதத்தில் கரண்ட் குறைந்ததைச் சாதனை என்று எழுதிவிடுவீர்கள்.

டேக்கில் என்ன எழுதலாம்

பாலி பேக், அட்டைப்பெட்டி பற்றிப் பையரே விவரம் தருவார், அதன்படி செய்தால் போதும். கவனம் வேண்டியது தொங்கும் சீட்டின் வாசகத்தில். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது', 'பசுமையானது', 'கார்பன் சமநிலை' போன்ற பொதுச் சொற்களைத் தக்க ஆதாரமில்லாமல் நுகர்வோரிடம் சொல்வதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு விதி தடைசெய்கிறது. அது 2026 செப்டம்பர் 27 முதல் பொருந்தும். கார்பனை வெளியே ஈடுகட்டி வாங்கி 'இந்தச் சட்டை கார்பன் சமநிலை கொண்டது' என்று எழுதுவதற்கும் இடமில்லை. டேக்கைப் பையர் வடிவமைத்தாலும் அதற்கான ஆதாரத்தை உங்களிடம்தான் கேட்பார். எனவே ஆர்ட் வொர்க் வந்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே எந்தக் காகிதம் அதை நிரூபிக்கிறது என்று எழுதுங்கள். '100% ஆர்கானிக் பருத்தி' என்பதற்கு எதிரே பரிவர்த்தனைச் சான்றிதழ் எண் வரும். 'குறைந்த தண்ணீரில் சாயமேற்றியது' என்பதற்கு எதிரே எந்த ஆண்டோடு ஒப்பிட்டு, எந்த மீட்டரில் எடுத்த கணக்கு என்று வர வேண்டும். எதிரே எழுத ஒன்றும் இல்லாத வாக்கியத்தை எடுத்துவிடும்படி, அச்சுக்குப் போகும் முன்பே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள்.